வசனம் எங்கே போனது?

திரைப்பட ரசனை வகுப்பில், நாடகத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டுக் குறிப்பு எழுதச் சொன்னால் பாதிப் பேர் கணக்குப்பிள்ளைகளாகிவிடுகிறார்கள். இந்தக் காட்சி இல்லை, அந்த வசனம் வெட்டு, பாத்திரத்தின் பெயர் வேறு. கணக்கு இடித்தால் படம் தோல்வி. என் சிவப்பு மை அதிகம் செலவானது இந்த இடத்தில்தான். விடுபட்டதை யாரும் சொல்லிவிடலாம். அந்த வசனம் மேடையில் பார்த்த வேலையைப் படத்தில் எது பார்க்கிறது? அதைத்தான் தேட வேண்டும்.

இதற்காகவே அகிரா குரோசவாவின் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) படத்தைத் திரையிடுகிறேன். தளபதி ஒருவன் அரசனைக் கொன்று அரியணையைப் பிடிக்கும் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகக் கதை, உள்நாட்டுப் போர்க்கால ஜப்பானில் நடக்கிறது. நாடகத்தில் அவனுக்குக் குறி சொல்லும் மூன்று சூனியக்காரிகளுக்குப் பதில், காட்டுக்குள் ராட்டை சுற்றும் ஓர் ஆவி.

கொலை நடக்கும் இரவைப் பாருங்கள். நாடகத்தில் அரசனைக் கொன்றுவிட்டு வரும் மேக்பெத், ‘ஆமென்’ சொல்ல வாய் வரவில்லை, இனித் தூக்கமே இல்லை என்று புலம்புகிறான். படத்தில் மேக்பெத்தின் இடத்தில் வரும் வாஷிசு (தொஷிரோ மிஃபுனே) ரத்தம் தோய்ந்த ஈட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறான். பேச்சில்லை, மூச்சிரைப்பு மட்டும். மனைவி அசாஜிதான் இறுகிப்போன அந்தக் கையிலிருந்து ஈட்டியைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. புலம்பல் மொத்தமும் அந்தப் பிடிக்குள் போய்விட்டது. அசாஜியாக வரும் இசுசு யமாதாவின் அசையாத முகமும், பட்டாடை உரச வழுக்கிச் செல்லும் நடையும் ஜப்பானின் ‘நோ’ என்ற மரபு நாடக வடிவத்திலிருந்து வந்தவை. ஆக, மேடை தொலையவில்லை. வேறு மேடை வந்திருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க முடியாது. மனைவி இறந்த செய்தி கேட்டு, ‘நாளை, நாளை, நாளை’ என்று மேக்பெத் வாழ்வின் வெறுமையைப் பேசும் இடத்துக்குப் படத்தில் ஈடே இல்லை. வாஷிசு தன்னையே ‘முட்டாள்’ என்று திட்டிக்கொள்வதோடு சரி. தான் எதை இழந்தோம் என்று மேக்பெத்துக்குத் தெரியும். வாஷிசுவுக்குத் தெரிகிறதா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

வாஷிசு அம்புகளால் சாகும் முடிவுக் காட்சியில் உண்மையான அம்புகளையே எய்தார்கள் என்று எழுதி மதிப்பெண் கேட்பவர்கள் உண்டு. அது படப்பிடிப்புக் கதை. கதையில் எய்தவர்கள் யார் என்று பாருங்கள்: வாஷிசுவின் சொந்த வீரர்கள். நாடகத்தில் எதிரணிப் பிரபு மேக்டஃப் மேக்பெத்தைக் கொல்கிறான், கொலையுண்ட அரசனின் மகன் மால்கம் முடிசூடப் போகிறான், நாடு மீள்கிறது. படத்தில் தொடக்கத்தில் கண்ட அதே மூடுபனிதான் மறுபடி வருகிறது. கோட்டை இருந்த இடத்தில் ஒரு மரத்தூண் நிற்கிறது.