சி.டி.ஐ பெட்டி வாங்குவதற்கு முன்னால் வயரைப் பாருங்கள்

சித்தப்பாவின் ஃபைபர் படகில் இருந்தது 40 குதிரைத்திறன் எஞ்சின், டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். ஒருநாள் கடலிலேயே நின்றுபோனது. கரைக்கு இழுத்து வந்து பார்த்தால் இரண்டு பிளக்கிலும் ஸ்பார்க் இல்லை. மெக்கானிக் மூடியைக் கழற்றிய வேகத்தில் "சி.டி.ஐ போச்சு, புதுசு வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சி.டி.ஐ என்பது பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் மின்னணுப் பெட்டி. சித்தப்பா பணம் புரட்டக் கிளம்பினார். அதற்குள் நான் ஒரே ஒரு வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுக்கச் சொன்னேன், நீலமாகப் பளிச்சென்று ஸ்பார்க் அடித்தது.

அது எந்த வயர் என்பதற்கு முன்னால் ஒன்று. பழைய எஞ்சினுக்குப் பணம் போடலாமா என்று யோசித்தால் முதலில் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்பதை, பாருங்கள். இரண்டு சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கலாம், அப்போது வயரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கம்ப்ரஷன் சரி என்றால் அப்புறம் வயர். இங்கே பலரும் குழப்பிக்கொள்வது, செல்ஃபும் ஸ்பார்க்கும் ஒரே மின்சாரத்தில் ஓடுகின்றன என்று நினைப்பதுதான். கயிறு இழுத்தும் கிளம்பக்கூடிய பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் ஸ்பார்க்குக்கு பேட்டரியே தேவையில்லை. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் உள்பக்கம் காந்தங்கள் இருக்கும், அதன் அடியில் சார்ஜ் காயில் உட்கார்ந்திருக்கும். கயிற்றை இழுத்ததும் காந்தம் காயிலைக் கடந்து ஓடுகிறது, 100, 200 வோல்ட் என்ற அளவில் மின்சாரம் பிறக்கிறது. அதை சி.டி.ஐ பெட்டிக்குள் ஒரு மின்தேக்கி சேர்த்து வைத்துக்கொள்ளும். ஸ்பார்க் அடிக்க வேண்டிய நேரத்தைச் சொல்லும் பல்சர் காயிலிலிருந்து சமிக்ஞை வந்த நொடியில் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலில் கொட்டும், அங்கே அது பல்லாயிரம் வோல்ட்டாக ஏறிப் பிளக்கில் தாவுகிறது.

சரி, ஓடுகிற எஞ்சினை எப்படி நிறுத்துவது? வீட்டு விளக்கு ஸ்விட்ச் இணைப்பைத் துண்டித்து அணைக்கும். இந்த வகை எஞ்சினின் ஸ்டாப் ஸ்விட்ச் அதற்கு நேர்மாறு, இணைத்துத்தான் நிறுத்தும். பட்டனை அழுத்தினால் சார்ஜ் காயிலின் மின்சாரம் பெட்டிக்குப் போகாமல் நேராக எர்த்துக்கு, அதாவது எஞ்சின் உலோகத்துக்கு, ஓடிவிடும். அதனால் ஸ்டாப் வயரின் தோல் எங்கேயாவது உரிந்து எஞ்சின் உலோகத்தில் பட்டுக்கொண்டிருந்தால், யாரோ ஸ்டாப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். பெட்டி நன்றாக இருக்கும், காயில் நன்றாக இருக்கும், ஸ்பார்க் மட்டும் வராது. உரிந்த இடம் அதிர்வில் பட்டும் படாமலும் இருந்தால் இன்னும் மோசம், கரையில் ஓடும், அலை அடித்தால் நின்றுவிடும்.

அந்த வயர் யமஹாவில் பெரும்பாலும் வெள்ளை, மெர்குரி, ஜான்சன் எஞ்சின்களில் கறுப்பில் மஞ்சள் கோடு. இரண்டு பிளக்குகளின் உலோக உடம்பையும் எஞ்சினில் நன்றாக எர்த் செய்துவிட்டு, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், அந்த வயரை மட்டும் பிரித்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அது பிரிந்திருக்கும்போது எஞ்சின் கிளம்பிவிட்டால் பட்டனால் நிறுத்த முடியாது, சோக்கை இழுத்தோ எரிபொருள் குழாயைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். இது சோதனைக்கு மட்டும். ஸ்பார்க் வந்துவிட்டதே என்று அப்படியே கடலுக்குப் போகாதீர்கள், ஆள் தவறி விழுந்தால் படகை நிறுத்துவது அந்த ஸ்விட்ச்தான்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால் அது பேட்டரி பக்கத்துக் கதை. இங்கே மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. உப்புத் தண்ணீர் டெர்மினல் வழியாக வயரின் தோலுக்குள் ஏறிவிடும், செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, அப்புறம் கறுத்துப்போகும். ஐம்பது இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்பிப் பார்ப்பது மிகச் சிறிய மின்னோட்டம். செல்ஃப் கேட்பதோ சுமார் 100 ஆம்பியர். டெர்மினலில் 0.02 ஓம் தடை இருந்தால்கூட 100 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே போய்விடும், அதாவது 200 வாட் வெப்பம். செல்ஃபைச் சில விநாடி அழுத்திவிட்டு டெர்மினல்களைத் தொட்டுப் பாருங்கள், கெட்ட இடம் சுடும்.

மீட்டரால் 0.02 ஓமை நேராக அளக்க முடியாது, அதன் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அதனால் வேலை நடக்கும்போது வோல்ட்டை அளக்க வேண்டும். ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை செல்ஃப் மோட்டாரின் டெர்மினலிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பாதை சரி. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டி அளந்து வந்தால் களிம்பு இருக்கும் இடம் தானாகவே தெரியும். எர்த் பக்கமும் இதேபோல் பாருங்கள், பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் உடம்புக்கு. பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் இல்லை, இக்னிஷன் காயில்கள் தனித்தனி என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்பார்க் இல்லாத குறை காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில் கெட்டது. மாறாவிட்டால் பல்சர் காயில், அதன் இணைப்புகள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பெட்டி.

சித்தப்பாவின் எஞ்சினில் ஸ்டாப் வயர் மூடியின் அடிவிளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. நெல்மணி அளவுக்குத்தான் தோல் போயிருந்தது. மற்ற டெர்மினல் எல்லாம் பச்சையாகக் கிடக்க, அந்த ஒரு புள்ளியில் மட்டும் செம்பு தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய புது வயரைச் சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயை மேலே போட்டு, விளிம்பைத் தொடாத மாதிரி உள்பக்கமாகக் கட்டினேன்.