தபால்காரர் நடத்தும் உலக அரசு

1948-ல் கேரி டேவிஸ் என்ற அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பாரிஸில் தன் குடியுரிமையைத் துறந்துவிட்டு ‘இனி நான் உலகக் குடிமகன்’ என்று கிளம்பினார். அதே வருடம் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்துக்குள் புகுந்து உலக அரசு வேண்டும் என்று பேச ஆரம்பித்தவரைக் காவலர்கள் வெளியே இழுத்துப்போனார்கள். பாவம். ஐ.நா.வைத் திருத்தி அதையே உலக அரசாக்கலாம் என்றாலும் வழியில்லை, ஏனென்றால் சாசனத்தில் எதை மாற்றவும் வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.

ஆனால் ஒரு குட்டி உலக அரசு அதற்கு முன்பே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, தபாலில்.

முன்பெல்லாம் வெளிநாட்டுக் கடிதத்துக்கு எந்த வழி, எந்தெந்த நாடு என்று பார்த்து ஒவ்வொரு ஒப்பந்தப்படியும் கட்டணம் கணக்குப் போடுவார்கள். 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி, கடிதத்தைப் பொறுத்தவரை நாமெல்லாம் ஒரே நிலப்பரப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது: ஸ்டாம்ப் விற்ற நாடே அந்தக் காசை வைத்துக்கொள்ளும், போய்ச்சேரும் நாடு சும்மாவே பட்டுவாடா செய்யும், இடையில் சுமக்கும் நாட்டுக்கு மட்டும் கூலி. கடிதம் போட்டால் பதில் வருமே, அந்தப் பதிலின் ஸ்டாம்ப் காசு இவர்களுக்குத்தானே, அதனால் கணக்கு நேராகிவிடும்! பிரிட்டிஷ் இந்தியா 1876-ல் இந்தத் தபால் கூட்டமைப்பில் சேர்ந்தது.

இங்கே போலீஸ் கிடையாது. விலகினால் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும், அந்தத் தலைவலிதான் எல்லோரையும் கட்டிவைத்திருக்கிறது.

சரி, பதிலே வராத தபால் என்றால்? பத்திரிகைகளும் சிறு பொட்டலங்களும் ஒரே திசையில் குவிய, 1969-ல் பட்டுவாடா செய்யும் நாட்டுக்கும் கட்டணம் என்று முடிவானது. பின்னாளில் வளரும் நாடுகளுக்குச் சலுகை விலையும் வந்தது. ஆன்லைன் வியாபாரம் வந்தபின் சீனாவின் குட்டிப் பார்சல்கள் அந்தச் சலுகையில் வந்து குவிய, 2018-ல் அமெரிக்கா விலகப்போவதாக நோட்டீஸ் கொடுத்தது. மறு வருடம் ஜெனீவாவில் அவசர மாநாடு. கட்டணத்தை அந்தந்த நாடே படிப்படியாக நிர்ணயிக்கலாம் என்று இறங்கிவந்தார்கள், அமெரிக்காவும் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.