காருக்குள் அடித்த பெயின்ட் ஏன் உரிகிறது?

போன வருடம் என் பழைய காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், நகம் பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், பளபளப்பில்லாத கறுப்பு ஸ்பிரே கேன் ஒன்றை வாங்கி நானே அடித்தேன். அன்றைக்குப் புத்தம் புதுசு. மூன்றாவது வாரம் ஓரத்தில் லேசாகச் சுரண்டியதும் வெங்காயத் தோல் மாதிரி மொத்தமும் உரிந்து கையோடு வந்துவிட்டது. பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினேன். தப்பு என்னுடையது.

அந்தத் துண்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் அது எந்த ரகப் பிளாஸ்டிக் என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் வார்த்திருப்பார்கள். என்னுடையதில் பிபி என்று இருந்தது, அதாவது பாலிபுரொப்பிலீன். இது நமக்குப் புதிதில்லை, புளியோதரை கட்டிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் டப்பா பல வீடுகளில் இதே சரக்குதான். அந்த டப்பாவைக் கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும், எண்ணெய்ப் பிசுக்கோ மூன்று தடவை சோப்பு போட்டாலும் போகாது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீளச் சங்கிலிகள் அது. எண்ணெயும் ஏறக்குறைய அதே குடும்பம் என்பதால் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீருக்கோ பெயின்டில் இருக்கும் பிசினுக்கோ பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கொக்கிகூட இல்லை. இதை மேற்பரப்பு ஆற்றல் என்ற கணக்கில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மேலே எதுவும் ஒட்டுவது கஷ்டம்: பாலிபுரொப்பிலீனுக்கு மீட்டருக்கு சுமார் 30 மில்லிநியூட்டன், கார்களில் வரும் இன்னொரு ரகமான ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு 40-ஐ ஒட்டி.

ஏபிஎஸ்ஸில் இன்னொரு வசதியும் உண்டு. பெயின்டில் கலந்திருக்கும் தின்னர் அதன் மேல்தோலைக் கொஞ்சம் கரைத்துவிடும், பெயின்டின் சங்கிலிகள் உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளும், அப்புறம் காய்ந்ததும் இரண்டும் பின்னிக்கொண்டு நிற்கும். பாலிபுரொப்பிலீனின் சங்கிலிகள் பல இடங்களில் படிகம்போல் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் தின்னர் அவ்வளவு சுலபத்தில் உள்ளே போகாது. பெயின்ட் மேலே ஒரு போர்வையாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

அதோடு வெயில் வேறு. 2018-இல் வெளியான ஓர் அரிசோனா ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இப்படி 40 டிகிரி ஏறினால் 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி நீளும், ராத்திரி சுருங்கும். பிடிப்பே இல்லாத பெயின்ட் இந்தத் தினசரி இழுபறியில் எத்தனை நாள் தாங்கும்?

பம்பரும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவைதானே, அதில் மட்டும் பெயின்ட் எப்படி நிற்கிறது என்று கேட்கலாம். தொழிற்சாலைகளில் கையாளும் ஒரு வழி, கேஸ் தீச்சுடரை அதன்மேல் ஒரு நொடிக்கும் குறைவாக ஓடவிடுவது. மேல்தோலில் ஆக்சிஜன் போய் உட்காரும், அதுதான் கொக்கி. வீட்டில் தீயோடு விளையாட வேண்டாம், அதற்கென்றே அட்ஹீஷன் புரமோட்டர் என்று கேனில் விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது குளோரின் ஏற்றிய பாலியோலெஃபின்: உடம்பு பாலிபுரொப்பிலீன் வகை என்பதால் பிளாஸ்டிக்கோடு சேர்ந்துகொள்ளும், குளோரின் இருக்கும் இடங்கள் பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிசாக ஒரு பூச்சுதான் தேவை.

அதற்கு முன்னால் ஒரு பகையாளியை விரட்ட வேண்டும். சர்வீசுக்கு விட்டு எடுத்தால் டேஷ்போர்டு பளபளவென்று வருகிறதே, அந்தப் பாலிஷில் பல ரகங்களில் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். அதன் மேற்பரப்பு ஆற்றல் 20-ஐ ஒட்டித்தான், பாலிபுரொப்பிலீனைவிடவும் கீழே. ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தைவிட்டு விலகி மீன் கண் மாதிரிக் குழி விழும். சோப்புத் தண்ணீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. உப்புத்தாளை அழுத்தித் தேய்க்கவே கூடாது, பாலிபுரொப்பிலீன் வழவழப்பாகாமல் நார் நாராகக் கிளம்பும், அச்சிலேயே வந்த தோல் மாதிரியான வரிகளும் அழிந்துபோகும்.

சில கார்களில் தேய்வது பிளாஸ்டிக்கே இல்லை. பட்டன்கள் பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால், அது மேலே பூசிய மெத்தென்ற பாலியூரிதேன் பூச்சு சாகிற அறிகுறி. காற்றிலிருக்கும் ஈரம் அதன் சங்கிலிகளை வருடக்கணக்கில் வெட்டிக்கொண்டே இருக்கும், நீளச் சங்கிலி குட்டையானதும் திடப்பொருள் பசையாகிவிடும். நம் கடற்கரை ஊர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இதன்மேல் பெயின்ட் அடிப்பது சேற்றில் கோலம் போடுவதுதான். ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தால் பூச்சு முழுக்க வந்துவிடும், பல நேரம் அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கே பார்க்க நன்றாக இருக்கும். அவசரப்பட்டு அசிட்டோனைத் தொட்டுவிடாதீர்கள், அடியில் இருப்பது ஏபிஎஸ் என்றால் அதையே கரைத்துவிடும்.

என் கதவுத் துண்டை மறுபடி கழற்றி, இரண்டு நாள் துடைத்து, புரமோட்டர் அடித்து, மூன்று மெல்லிய பூச்சாகக் கறுப்பு ஏற்றினேன். எட்டு மாதம் ஆகிறது. கதவை இழுத்து மூடும்போது கட்டைவிரல் படும் ஓரத்தில் மட்டும் லேசாகப் பளபளக்க ஆரம்பித்திருக்கிறது.