கோயில் வகுப்பில் குழந்தைக்கு நேர்ந்த தீங்கு தெரியவந்தால்: தென்னாப்பிரிக்கச் சட்டம் விதிக்கும் கடமை

டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், லெனேசியா ஆகிய இடங்களில் கோயில்களையும் சங்கங்களையும் ஒட்டி நடக்கும் தமிழ் வகுப்புகளும் தேவார வகுப்புகளும் பரதநாட்டிய வகுப்புகளும் பலவிடத்தும் ஊதியம் பெறாத தொண்டர்களின் உழைப்பால் நடப்பவை. அங்கே பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரும், பணி விசாவில் வந்திருக்கும் குருக்கள் உட்பட, இந்நாட்டுச் சட்டம் தம்மீது வைத்திருக்கும் ஒரு கடமையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருப்பது தெரியவந்தால், அதைக் கண்டவரே உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். கமிட்டித் தலைவர் காதில் போட்டுவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

இக்கடமை இரண்டு சட்டங்களிலிருந்து வருகிறது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, மருத்துவர், செவிலியர், உளவியலாளர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர், ஆசிரியர், சமயத் தலைவர் எனத் தொடங்கி, குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களின் ஊழியர், தொண்டர் வரை ஒரு நீண்ட பட்டியலைத் தருகிறது. இவர்களில் ஒருவர், பதினெட்டு வயது நிறையாத ஒரு குழந்தை உடற்காயம் உண்டாகும் வகையில் துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்றோ, பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருக்கிறது என்றோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விடப்பட்டிருக்கிறது என்றோ தக்க காரணங்களுடன் முடிவுக்கு வந்தால், காவல்துறையிடமோ, மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறுவது குற்றம். அபராதமோ, பத்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குருக்களும் பூசாரிகளும் இந்தப் பட்டியலில் அடங்குவர் என்பது நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. பட்டியலில் இல்லாதவர்களும் தெரிவிக்கலாம் என்று அதே பிரிவு இடம் தருகிறது.

இரண்டாவது, 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் பாலியல் குற்றங்கள் திருத்தச் சட்டம். அதன் 54ஆம் பிரிவு எந்தத் தொழிலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவர் எவராயினும், தாத்தாவோ பக்கத்து வீட்டுக்காரரோ அன்னதானப் பந்தியில் பரிமாறுபவரோ, உடனடியாகக் காவல் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். 2022 ஜூலை 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, நேரடியாக அறிந்திருப்பது மட்டுமல்ல, நியாயமான நம்பிக்கையும் சந்தேகமும்கூடப் போதும். தவறினால் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடும். ஆகவே "நான் ஆசிரியர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து உதவுகிறேன், அவ்வளவுதான்" என்பது இங்கே செல்லாத வாதம்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். நாட்டிய வகுப்பில் ஒரு சிறுமிக்குச் சலங்கை கட்டக் குனியும் ஆசிரியை, கெண்டைக்காலில் பெல்ட்டின் அகலத்துக்குக் கன்றிச் சிவந்த இரண்டு கோடுகளைப் பார்க்கிறார். என்னம்மா ஆயிற்று என்று கேட்டால், "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்" என்கிறாள் சிறுமி. ஆசிரியை செய்ய வேண்டியவை சிலவே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று அமைதியாகச் சொல்லலாம். துருவித் துருவிக் கேட்கக் கூடாது, ஏனெனில் கேள்வியிலேயே விடையை வைத்துக் கேட்டால் பின்னர் நீதிமன்றத்தில் குழந்தையின் வாக்குமூலத்தின் வலிமை குறையும். குழந்தை சொன்ன சொற்களை, அது ஆங்கிலமானாலும் தமிழானாலும், அப்படியே தேதி, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். தந்தையை அழைத்து விளக்கம் கேட்பது கூடவே கூடாது. அன்றிரவு அந்த வீட்டில் நடக்கக்கூடியதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். விசாரிப்பது காவல்துறையின், சமூகப் பணியாளரின் வேலை.

இத்தகைய தகவலைத் தருவதற்கு 22ஆம் எண் படிவம் உண்டு. குழந்தையின் விவரம், பெற்றோர் விவரம், எந்த வகைத் தீங்கு, கண்ட அறிகுறிகள், தீங்கிழைத்ததாகக் கருதப்படுபவர் யாரென்று தெரிந்தால் அவர் விவரம், தெரிவிப்பவரின் விவரம் ஆகியவற்றை அதில் நிரப்ப வேண்டும். உடனடி ஆபத்து இருந்தால் படிவத்துக்காகக் காத்திராமல் காவல்துறையின் அவசர எண்ணான 10111க்கு அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்டுலைனின் 116 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தகவல் பெற்ற காவல்துறை, குழந்தையின் பாதுகாப்பை உறுதிசெய்வதோடு, 24 மணி நேரத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கோ அறிவிக்கவும் வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது, சந்தேகம் பின்னர் பிழையென்று தெரிந்தாலும், உரிமையியல் வழக்குத் தொடர முடியாதபடி சட்டம் காக்கிறது.

"சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற அச்சமே பல வாய்களை அடைக்கிறது. குழந்தையை வீட்டிலிருந்து அகற்றுவது எப்போதும் முதல் வழியன்று. குழந்தைகள் சட்டத்தின் 153ஆம் பிரிவின்படி, தீங்கிழைத்ததாகக் கருதப்படுபவரையே வீட்டை விட்டு வெளியேறுமாறு காவல் அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட முடியும். இது தெரிந்திருந்தால் எத்தனையோ பாட்டிமார் முன்வந்து பேசியிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். குடும்ப மானம் கருதிப் பெரியவர்கள் கூடிப் பேசிச் சமரசம் செய்துவைப்பதோ, தெரிவிக்க வேண்டிய கடமைக்கு ஈடாகாது.

பிள்ளையைக் கண்டிப்பது குற்றமா என்று சிலர் கேட்பதுண்டு. பள்ளிகளில் பிரம்படியை 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் தடைசெய்தது. பெற்றோர் "நியாயமான தண்டனை" என்று சொல்லித் தப்பிக்க இருந்த பழைய வழியையும் அரசியல் சாசன நீதிமன்றம் 2019 செப்டம்பரில் மூடிவிட்டது. வகுப்பில் ஸ்கேலால் அடிக்கும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் இன்றே நிறுத்தப்பட வேண்டும்.

கமிட்டிகளுக்குத் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. பிள்ளைகளோடு பணியாற்ற ஒருவரைச் சேர்க்குமுன், அவர் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் "பி" பகுதியில், அதாவது பிள்ளைகளோடு பணியாற்றத் தகாதவர்களின் பட்டியலில், உள்ளதா என்பதையும், பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேட்டில் உள்ளதா என்பதையும் அவற்றுக்குரிய படிவங்களால் சரிபார்க்க வேண்டும். முன்னது சமூக மேம்பாட்டுத் துறையிடமும் பின்னது நீதித் துறையிடமும் உள்ளன. காவல்துறை நற்சான்றிதழ் இவற்றுக்கு மாற்றாகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ் இந்தப் பதிவேடுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. பாலியல் குற்றங்கள் சட்டம் "ஊழியர்" என்று சொல்லும்போது ஊதியமின்றி உதவுபவரையும் சேர்த்தே சொல்கிறது.

பயிற்சியைப் பொறுத்தவரை, அரை நாள் சொற்பொழிவால் பெரிய பயன் விளையாது. உள்ளூர் சைல்டு வெல்ஃபேர் சங்கத்திலிருந்து ஒரு சமூகப் பணியாளரை அழைத்து, வெற்று 22ஆம் எண் படிவத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, கற்பனை நிகழ்வு ஒன்றை வைத்து நிரப்பச் சொல்வதே சிறந்த பயிற்சி. "அறிகுறிகள்" என்ற இடத்தில் எதை எழுதுவது, ஊகத்தையும் கண்டதையும் எப்படிப் பிரிப்பது என்பது எழுதிப் பார்க்கும்போதுதான் விளங்கும். புதிதாகச் சேர்பவர்களுக்காக ஆண்டுதோறும் இதை நடத்துவது நல்லது.

தெரிவித்த பிறகு, எழுதிய குறிப்பும் படிவத்தின் நகலும் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். குழந்தையின் பெயரோ நிழற்படமோ கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போகக் கூடாது. சமூகப் பணியாளர் மீண்டும் அழைத்துக் கேட்டால், கண்டதையும் கேட்டதையும் குறிப்பைப் பார்த்துச் சொன்னால் போதும். அந்தச் சிறுமி அடுத்த வாரம் வகுப்புக்கு வரும்போது, மற்றப் பிள்ளைகளைப் போலவே அவளையும் வரிசையில் நிறுத்தி ஆடவைக்க வேண்டும்.