ஆள்மாறாட்டம்

இணையப் பாதுகாப்பு பற்றிய குறிப்புகளில் 'இம்பர்சனேஷன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. இன்னொருவராகக் காட்டிக்கொண்டு ஏமாற்றுவது என்று பொருள். அதன் வேரில் 'பெர்சோனா' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. நாடக நடிகர்கள் அணிந்த முகமூடிக்கு அந்தப் பெயர். அப்புறம் அது நடிகர் ஏற்கும் பாத்திரத்தைக் குறித்தது. கடைசியில் மனிதரையே குறித்தது. 'பெர்சன்' என்பதும் அப்படி வந்ததுதான்.

தமிழில் இதற்கு ஒரு சொல்லைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தேர்வு எழுதவோ வாக்களிக்கவோ ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்து நின்றால், அதை ஆள்மாறாட்டம் என்றுதானே சொல்கிறோம். போராடு போராட்டம் ஆவதுபோல மாறாடு மாறாட்டம் ஆகிறது. 'வேடமிடல்' என்றும் எழுதலாம்தான். ஆனால் வேடம் மறுபடியும் முகமூடியிலேயே நின்றுவிடுகிறது. ஆள்மாறாட்டம் அதற்குப் பின்னால் போய்ப் பார்க்கிறது: பெயர் அதே, படம் அதே, ஆள் வேறு.

வாட்ஸ்அப் போன்ற செய்தி அனுப்பும் செயலிகளில் நடப்பது இதேதான். பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 'அம்மா, போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர், அவசரமா பணம் வேணும்' என்று மகளின் படத்தோடு செய்தி வந்தால், அதே எண்ணில் 'நீதானா?' என்று கேட்டுப் பயனில்லை. 'நான்தான்' என்றே பதில் வரும். மகளின் பழைய எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். குரலைக்கூட இப்போது போலியாக உருவாக்க முடிகிறது என்பதால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை நேரில் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

இதைவிட மோசமானது, எண்ணும் உண்மையாகவே இருப்பது. வாட்ஸ்அப் கணக்கை வேறு போனில் பதிவு செய்ய 6 இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும். 'தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று கேட்டு யாராவது அதை வாங்கிவிட்டால், கணக்கு அவர் கைக்குப் போய்விடும். பிறகு நம் நண்பர்களுக்கு நம் எண்ணிலிருந்தே செய்தி போகும். அங்கே முகமூடி என்று எதுவும் இல்லை. ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறார். தமிழ்ச்சொல் எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்! அந்த 6 இலக்கத்தை எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் தரக்கூடாது. வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்பை ('டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்') இயக்கி ஒரு ரகசியப் பின் எண்ணையும் வைத்துவிட்டால், அந்த 6 இலக்கம் மட்டும் கிடைத்து ஒருவர் உள்ளே வந்துவிட முடியாது.

'ஃபிஷிங்' வேறு. மீன்பிடித்தலுக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி 1990களில் உருவான சொல் அது. கடவுச்சொல், வங்கி விவரம் போன்றவற்றைக் கறக்க வீசும் வலையை அது குறிக்கிறது. தூண்டில் மோசடி என்று சொல்லலாம். தூண்டிலில் கோர்க்கும் இரை பெரும்பாலும் ஆள்மாறாட்டமாக இருப்பதால்தான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.