தண்ணி பலூன் கெட்டப்போலும் உதட்டுல வச்ச ரப்பரும்

ஏப்ரல் லீவுக்கு அக்கா மகன் வெள்ளவத்தைக்கு எங்க வீட்டுக்கு வந்து நின்னான். வந்த ரெண்டாம் நாளே சேட்டெல்லாம் நனைஞ்சு ரூஃப்டொப்ல இருந்து இறங்கி வந்து, "மாமா, கல்லு வச்சா கெட்டப்போல் விர்ருன்னு அடிக்குது, தண்ணி பலூன் வச்சா மட்டும் ஏன் என் மூஞ்சியிலயே வெடிக்குது?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி. பதில் சொல்லப் போய் ஒரு கிழமை லீவே அதுல போச்சு, பெட்டாவுக்கு ரெண்டு தரம் அலைஞ்சாச்சு, என் ஃபோன் ஒரு தரம் அரிசி வாளிக்குள்ள படுத்து எழும்பிச்சு.

அவன் வச்சிருந்த கெட்டப்போல், அதான் உண்டிவில், நாங்க எல்லாரும் சின்ன வயசுல செஞ்ச அதே சாமான்தான். கொய்யாக் கவட்டை, சைக்கிள் டியூப்ல வெட்டின ரெண்டு பட்டி, பழைய செருப்புத் தோல் ஒரு துண்டு. அதுக்கு பலூன் வைக்கிறதுல மூணு கோளாறு இருக்கு. கவட்டையோட அகலம் நாலு விரல், பலூன் அதுக்குள்ளால போகாம கம்புல அடிபட்டு வெடிக்கும். இழுக்கும்போது தோலோட சேர்த்து பலூனையும் விரலால நசுக்குறோம், அது ரெண்டாவது. மூணாவதுதான் முக்கியமானது, பலூன் தப்பித் தவறி கவட்டையத் தாண்டினாலும் அதுக்கு முன்னமே உள்ள இருக்கிற தண்ணியே அதக் கிழிச்சுடும்.

எப்படின்னா, தேசிக்காயை விடக் கொஞ்சம் பெருசா, 5 செ.மீ. விட்டத்துல ஒரு பலூன்னு வச்சுக்குங்க, அதுல 65 கிராம் தண்ணி பிடிக்கும். அது செக்கனுக்கு 10 மீட்டர் வேகத்துல போகணும், நம்ம கை இழுக்கிற தூரம் 40 செ.மீ. ஓ.எல்ல படிச்ச சமன்பாடுதான், வேகத்தோட வர்க்கத்த தூரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா ஆர்முடுகல் 125 வரும், புவியீர்ப்பப் போல ஏறக்குறைய 13 மடங்கு. அதுவும் சராசரிதான். விட்ட உடனே, ரப்பர் முழுசா இழுபட்டு நிக்கிற அந்த இடத்துல, அதப்போல ரெண்டு மடங்கு வரும். அப்ப அந்த 65 கிராம் பலூன் அந்த நேரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல கனக்கும். பலூனோட பின்பக்கத் தோலுக்குத் தெரியிறது என்னன்னா, தனக்கு மேல ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குத் தண்ணி நிக்குதுன்னு. மில்லிமீட்டர்ல பாதி கூட இல்லாத ஒரு தோல் அத எப்படித் தாங்கும், பின்பக்கத்தால யாராவது தாங்கிப் பிடிச்சாத்தான் உண்டு. செருப்புத் தோல் தட்டையான பட்டி, நடுவ மட்டும் தாங்குது, தண்ணி ரெண்டு பக்கத்தாலயும் பிதுங்குது, பிசைஞ்ச மா விரல் இடுக்கால வழியிற மாதிரி. பிதுங்கின இடத்துல தோல் மெலிசாகி அங்கயே கிழியும்.

அதனால பைதான் முதல்ல மாறணும். பலூனோட பாதி உள்ள புதையிற அளவுக்கு ஆழமான கிண்ணம் மாதிரி ஒரு துணிப்பை. நாங்க பழைய குடைத் துணில தைச்சம். பின்னால ஒரு நாடா வளையம் வச்சு, இழுக்கிறது வளையத்ததான், பலூன விரல் தொடவே கூடாது. பையோட பாரம் முடிஞ்ச வரை குறைவா இருக்கணும், ஏன்னா பையும் பலூனோட சேர்ந்து அதே வேகத்துல ஓடுது. 20 கிராம் பைன்னா நாம கை வலிக்க இழுத்துச் சேர்த்த சக்தில கால்வாசிக்குக் கிட்ட பைக்கே போயிடும்.

பிடிக்கு அரை இஞ்சி பிவிசி பைப்பும் ரெண்டு மூணு எல்போவும் போதும். கவை அகலம் 15 செ.மீ., ஆனா உயரம் கூடக் கூடாது, ரப்பர் கட்டுற இடம் முஷ்டிக்கு கிட்டத்தான் இருக்கணும், உயரமான கவைன்னா இழுக்கும்போது மணிக்கட்டு பின்னால மடியும். கம் ஒட்டாம சும்மா சொருகி வச்சா கழட்டி ஸ்கூல் பேக்குக்குள்ள போடலாம். இதெல்லாம் அரை நாள் வேலை.

ரப்பர்லதான் எங்களுக்கு மூணு நாள் போச்சு, எனக்குப் பிடிச்ச இடமும் அதுதான்.

சைக்கிள் டியூப் பட்டிய நல்லா இழுத்து விட்டுப் பாருங்க, சோம்பலா திரும்பி வரும். இப்ப வாற டியூப் கனக்க பியூட்டைல் ரப்பர், காத்த நல்லா அடைச்சு வைக்கும், ஆனா இழுத்த சக்தில பெரிய பங்க உள்ளயே சூடாக்கித் தின்னுடும். பாமசில விக்கிற மஞ்சள் லேட்டக்ஸ் குழாய் அப்படி இல்ல, மரத்துப் பால்ல செஞ்சது, கொடுத்ததுல பெரும்பங்கத் திருப்பிக் கொடுக்கும். 15 செ.மீ. நீளத்துல ரெண்டு பக்கமும் கட்டினா 55 வரைக்கும் இழுபடும். அதாவது மூணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல.

இப்ப அந்தக் குழாய்ல ஒரு துண்ட எடுத்து மேல் உதட்டுல ஒட்டி வச்சுக்கிட்டு சட்டுன்னு இழுங்க. சூடாகும். கையில தெரியாது, உதட்டுல நல்லாத் தெரியும். அப்படியே இழுத்துப் பிடிச்சு கொஞ்ச நேரம் காத்துல ஆற விட்டு, பிறகு சட்டுன்னு தளர்த்தி திரும்ப உதட்டுல வைங்க. சில்லுன்னு இருக்கும். மருமகன் இத ஒரு இருபது தரம் செஞ்சிருப்பான், அக்கா வந்து "டேய், அது ஆஸ்பத்திரிக் குழாய்டா"ன்னு சத்தம் போடும் வரைக்கும்.

இத முதல்ல எழுதி வச்சவர் இங்கிலாந்துல கெண்டல்ங்கிற ஊர்ல இருந்த ஜோன் கோஃப். சின்ன வயசுலயே அம்மை வந்து கண் பார்வை போனவர். 1805ல அவர் எழுதினது இதே உதட்டுச் சோதனையத்தான். அதோட இன்னொன்றும் கண்டுபிடிச்சார், பாரம் கட்டித் தொங்க விட்ட ரப்பரச் சூடாக்கினா அது நீளாது, சுருங்கும். இரும்பு நீளும், செம்பு நீளும், ரப்பர் மட்டும் பாரத்த மேல தூக்கும். அணுக்கொள்கைன்னு நாம படிச்ச டால்ட்டனுக்கு இளம் வயசுல பாடம் சொல்லிக் கொடுத்தவரும் இந்த மனுசன்தான்.

ஏன் சுருங்குதுன்னு புரிஞ்சுக்க ஒரு ஸ்கிப்பிங் கயிற நினைச்சுக்குங்க. ரெண்டு பிள்ளைகள் ரெண்டு முனையப் பிடிச்சிருக்காங்க, நடுவுல பத்துப் பேர் நின்னு கயிற மேல கீழ பக்கவாட்டுலன்னு இஷ்டத்துக்குப் பிடிச்சு ஆட்டுறாங்க. அதுல ஒருத்தர் கூட முனைகள உள்ளுக்கு இழுக்கணும்னு நினைக்கல்ல, ஆனாலும் முனையில நிக்கிற ரெண்டு பேரும் உள்ளுக்கு இழுபடுவாங்க. இன்னும் வெறியா ஆட்டினா இன்னும் பலமா இழுபடுவாங்க. ரப்பருக்குள்ள நடக்கிறதும் இதுதான். ஆயிரக்கணக்கான துண்டு சேர்ந்த நீளமான சங்கிலி மூலக்கூறுகள், இடியப்பச் சிக்கல் மாதிரி ஒன்னுக்குள்ள ஒன்னு சுருண்டு கிடக்கு, வெப்பம் அதுகள ஓயாம உதறிக்கிட்டே இருக்கு. சங்கிலி நேரா நிக்கிறதுக்கு ஒரே ஒரு வழிதான், சுருண்டு கிடக்க கோடிக்கணக்கான வழி. நாம இழுக்கிறது அந்தக் கோடி வழியில இருந்து சிலதுக்குள்ள பிடிச்சு அடைக்கிறது. விட்ட உடனே அது தன் பாட்டுக்கு சுருளுக்குள்ள போயிடுது. இரும்பு ஸ்பிரிங்ல அணுக்களுக்கு நடுவுல இருக்கிற பிணைப்பு வளைஞ்சு சக்தி சேருது, ரப்பர்ல பெரும்பாலும் அப்படி ஒன்னுமே வளையல்ல, வெறும் வழி எண்ணிக்கையோட கணக்குத்தான் நம்ம பலூனத் தள்ளி விடுது! இத நான் யூனிவர்சிட்டில முதல்ல கேட்ட அண்டைக்கு எவ்வளவு ஆச்சரியமா இருந்திச்சோ இன்னைக்கும் அவ்வளவு ஆச்சரியமா இருக்கு.

சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டு வழுக்கிப் போகாம இருக்க அங்கங்க முடிச்சு வேணும், அதத்தான் கந்தகம் போட்டு சூடாக்கிப் போடுறாங்க, 1839ல குட்இயர்ங்கிற அமெரிக்கர் கண்டது. அது இல்லாட்டி ரப்பர் பால் வெயில்ல பிசுபிசுன்னு ஒட்டுற பண்டம்தான்.

இது கெட்டப்போலுக்கு என்னத்துக்குன்னு கேட்டா, நேரடியா உதவுது. இழுத்தா சூடாகுதுதானே, இழுத்துப் பிடிச்சுக்கிட்டு குறி பார்த்து நின்னா அந்த சூடு காத்தோட போயிடும், போன சூடு திரும்ப வராது. அதனால இழுத்த கையோட விட்டா தூரமா போகும், ஆற அமர குறி பார்த்தா கிட்ட விழும். இழுவிசை வெப்பநிலையோட சேர்ந்து ஏறி இறங்குறதால, 30 பாகையில கொழும்புல அடிக்கிற கெட்டப்போல் 15 பாகையில நுவரெலியாவில ஒரு 5 சதவீதம் பலம் குறைஞ்சு நிக்கும். இன்னொன்று, ரப்பரோட இழுவை ஸ்பிரிங் மாதிரி சீரா ஏறாது, முதல்ல விறைப்பு, பிறகு நடுவுல நீளமா ஒரு சமவெளி, கடைசில சங்கிலியெல்லாம் நேராகி முடியும்போது திரும்ப விறைப்பு. முதல்லயே கொஞ்சம் இழுபட்ட நிலையில கட்டிட்டா நம்ம வேலையெல்லாம் அந்த சமவெளியில நடக்கும், தள்ளு ஒரே சீரா இருக்கும், ஆரம்பத்துல விழுற அந்த ரெண்டு மடங்கு அடி குறையும், பலூனும் பிழைக்கும். அந்தக் கட்டுதான் கடைசில எங்கட பலூனக் காப்பாத்திச்சு.

முதல் குழாய் மூணாம் நாள் அறுந்து என் கன்னத்துல அடிச்சிச்சு. அம்மா நாவூறுன்னு உடனே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து சுத்திப் போட்டாங்க, நானும் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன், அம்மாவோட யார் வாதாடுறது. பிறகு அறுந்த முனையப் பார்த்தா பைப்போட வெட்டின விளிம்பு உரசி ஒரு சின்னக் கீறல். இழுபட்ட ரப்பர்ல கீறல் நகத்தளவு கூட வேண்டாம், சேர்ந்திருக்கிற சக்தியெல்லாம் அந்த ஒரு முனைக்கு ஓடி வந்து கிழிச்சுக்கிட்டே போகும். விளிம்ப உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நூலுக்குப் பதிலா ரப்பர் பட்டியாலயே சுத்திக் கட்டினம், அதுக்குப் பிறகு அறுகல்ல. வெயில்ல போட்டு வைக்காதீங்க, லேட்டக்ஸ் வெடிப்பு விட்டுடும், பேபி பவுடர் தூவி அலுமாரில வைங்க.

அதே கீறல் விசயம்தான் பலூனுக்கும், ஆனா தலைகீழா. பலூன் போய் விழுந்த இடத்துல வெடிக்கணும்னா தோல் முதல்லயே நல்லா இழுபட்டு நிக்கணும். பாதி நிரப்பின தொளதொள பலூன் நெஞ்சுல பட்டு டொப்புன்னு கீழ விழும், வெடிக்காது, மருமகன் மானம் போகும். அளவுக்கு மிஞ்சி நிரப்பினா பைக்குள்ளயே முடிஞ்சிடும். முடிச்சுப் பக்கம் பைக்கு வெளியால முன்னுக்கு இருக்கட்டும்.

எங்க தாத்தா களுத்துறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவர், விடிய முன்னமே சிரட்டையும் கத்தியுமா போவார், வெயில் ஏறினா பால் நின்னுடும். பிரேசில்ல இருந்து விக்ஹாம்ங்கிற இங்கிலாந்துக்காரர் கொண்டு போன விதை லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு 1876ல கன்றா வந்து இறங்கினது நம்ம கம்பஹா ஹெனரத்கொடைக்குத்தான். ரப்பருக்குன்னு ஆராய்ச்சி நிலையம் அகலவத்தையில இருக்கு. இவ்வளவும் இருந்தும் நான் பெட்டாவில வாங்கின பலூன் பக்கெட்டும் குழாயும் வெளிநாட்டுச் சரக்கு. ஆராய்ச்சிக்கு ஒதுக்குற காசக் குறைச்சுக் குறைச்சுக் கொண்டு போனா பால வித்து பலூன வாங்குற நாடாத்தான் இருப்போம், இது என் எரிச்சல், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல.

ஒரு விசயத்துல மட்டும் விளையாட்டு இல்ல. மூணு பேர் பிடிச்சு இழுக்கிற பெரிய லோஞ்சர்கள் இருக்கு, அதுல 180 கிராம் பலூன் மணிக்கு 54 கிலோமீட்டர்ல போனா அது கிரிக்கெட் பந்து அதே வேகத்துல வாறதுக்குச் சமம், கொஞ்சம் கூடவே. தண்ணிதானேன்னு நினைக்காதீங்க, பட்டு கண் சேதமான ஆக்கள கண் டாக்டர்மார் எழுதி வச்சிருக்காங்க. எங்கட சின்ன பலூனோட சக்தி மூணு ஜூல் சொச்சம்தான், போற தூரம் பத்துப் பதினொரு மீட்டர், கிரிக்கெட் பிட்ச்ல பாதி. அதுக்கு மேல இழுக்க முடியாம பைக்கும் பிடிக்கும் நடுவுல இழுபடாத நைலோன் கயிறு ஒன்று 55 செ.மீ.ல கட்டியிருக்கு. கிட்ட நின்னு அடிக்கக் கூடாது, முகத்துக்கு அடிக்கவே கூடாது. கண்ணாடி போட்டாத்தான் கெட்டப்போல் கைக்கு வரும்னு வீட்டுச் சட்டம்.

லீவு முடியிற அண்டைக்கு ரூஃப்டொப்ல 40 பலூன் அடிச்சாங்க. டெங்கு காலம், கிழிஞ்ச பலூன் துண்டுல நிக்கிற ஒரு கரண்டித் தண்ணி நுளம்புக்குப் போதும், அதனால எண்ணித்தான் பொறுக்க வச்சேன். 38 துண்டு கிடைச்சிச்சு. மிச்சம் ரெண்டும் பக்கத்து வீட்டுப் பீலிக்குள்ள கிடக்கு, ஏணி கேட்டு இன்னைக்குப் போகணும்.