கவுனி அரிசியின் கறுப்பு மூளைக்குள் என்ன செய்கிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பத்தாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. தினமும் கவுனி அரிசி கொடுத்தால் சரியாகும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே, உண்மையா?"

பாக்கெட் எதையும் போடும். ஆனால் அந்த அரிசிக்குள் நடக்கும் சங்கதி பாக்கெட்டில் இருப்பதைவிட ருசியானது.

கவுனியை ராத்திரி ஊறவைத்தால் காலையில் தண்ணீர் நாவற்பழ நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்து, சூட்டோடு சீனி, தேங்காய்ப்பூ, நெய் போட்டுக் கிளறுவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். அந்தத் தண்ணீரில் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும். மற்றதில் சமையல் சோடா போட்டால் நீலம் பாய்ந்து பச்சைக்குப் போகும். இந்த வித்தை காட்டுவது ஆந்தோசயனின் என்ற நிறமி. கத்தரிக்காய்த் தோலிலும் நாவலிலும் இதே குடும்பம்தான். அரிசியில் அது தவிட்டில் இருக்கிறது, தீட்டினால் போச்சு.

இனி மூளை. உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. அவ்வளவு ஆக்சிஜன் எரியும் இடத்தில் ஃப்ரீ ரேடிக்கல்களும் பிறக்கும். ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் தவிக்கும் மூலக்கூறுகள் இவை. போதாக்குறைக்கு, நரம்புச் செல்லின் சவ்வில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு நிறைய. மீன் எண்ணெய் போல, சீக்கிரம் கெடும் ரகம்.

எப்படிக் கெடும்? டின்னில் மறந்துபோன மனகோலம் ஒரு மாதம் கழித்துச் சிக்கு வாடை அடிக்கிறதே, அதே வேதியியல்தான். ஒரு ரேடிக்கல் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து தானே திருடனாகிப் பக்கத்துக் கொழுப்பிடம் பறிக்கும். இப்படியே சங்கிலி நீளும், சவ்வு ஓட்டையாகும்.

நிறமி நடுவில் புகுந்து தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்துவிடும். அப்போது அதற்கும் ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் போகுமே, அதுவும் திருடப் போகாதா? போகாது. நான் இந்த மூலக்கூறை ரசிப்பதே இந்த இடத்துக்காகத்தான். ஒரே அறையில் அடைத்துப்போட்ட பிள்ளை கதவை உடைப்பான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஓடித்திரிய இடமிருந்தால் யாரையும் அடிக்க மாட்டான். ஆந்தோசயனினின் அணு வளையங்களும் அந்த வீட்டுக் கட்டுகள் போல ஒன்றோடொன்று திறந்து கிடப்பவை. தனி எலக்ட்ரான் அத்தனையிலும் பரவிச் சாந்தமாகிவிடும்.

நிறமும் இதனால்தான் வருகிறது. சிறு இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானை அசைக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். விரிந்து திரியும் எலக்ட்ரானுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். சிவந்த டம்ளரில் அது விழுங்குவது சுமார் 520 நானோமீட்டர் பச்சை ஒளியை. மிச்சம்தான் நாம் பார்க்கும் சிவப்பு. ஆக, சாயமும் காவலும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

சரி, இதெல்லாம் சோதனைக்குழாயில். தின்ற நிறமியில் மிகச் சிறு பங்குதான் முழு உருவில் ரத்தத்துக்கு வருகிறது. எலிகளுக்கு நீலபெர்ரி கொடுத்தபோது மூளைவரை போனதைக் கண்டிருக்கிறார்கள், ஆனால் அளவு சொற்பம். மூளையில் ஏற்கெனவே குவிந்து இதே காவலைச் செய்யும் வைட்டமின் சி-க்கு முன்னால் அது எம்மாத்திரம்? எந்த உணவு ரேடிக்கல்களை எவ்வளவு அடக்கும் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியலை, சோதனைக்குழாய்க் கணக்கு உடலுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் விலக்கிக்கொண்டது.

அதனால் இப்போது வேறு பாதையைத் துருவுகிறார்கள். குடல் பாக்டீரியா உடைத்துத் தரும் நிறமித் துண்டுகள் செல்லை லேசாகச் சீண்டுகின்றன. கீப்1 என்ற புரதம் பிடித்து வைத்திருக்கும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் அந்தச் சீண்டலில் விடுபட்டு உட்கருவுக்குப் போய், குளூட்டாதயோன் என்ற, செல்லின் சொந்தக் காவலாளியைத் தயாரிக்கும் ஜீன்களை முடுக்கிவிடுகிறது. நிறமி காவலாளி இல்லை, காவலாளியை எழுப்புகிறவர்.

சான்று? 1999-ல் வயதான எலிகளுக்கு எட்டு வாரம் நீலபெர்ரிச் சாறு சேர்த்துக் கொடுத்ததில் நினைவாற்றலும் நடை லாவகமும் தேறின. 2012-ல் வந்த அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், 70 வயது தாண்டிய 16,000-க்கும் மேற்பட்ட பெண்களில் பெர்ரி அதிகம் தின்றவர்களுக்கு நினைவுத் தேய்வு மெதுவாக இருந்தது. பெர்ரி வாங்க வசதியுள்ளவர்கள் மற்ற வகையிலும் நன்றாக வாழ்ந்திருக்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். கவுனியை வைத்து நம் பாட்டிகளிடம் இப்படிப் பல வருடச் சோதனை நடத்த யார் பணம் போடுவார்கள்? பெட்டிக்கடையில் விற்கும் அரிசியை ஆராய்ந்து மருந்துக் கம்பெனிக்கு என்ன லாபம்? 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துத்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. எலக்ட்ரான் கைமாறுவதைப் படிக்க அன்று அவ்வளவு கொடுத்த ஊர் இது. இன்று கவுனி விற்றுக் காசு பார்ப்பவர்கள் அதில் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளலாம்.

வாசகிக்கு: அப்பத்தாவை முதலில் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்றவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையில் தேற்ற முடியும். கவுனி அவருக்குப் பிடித்தால் தாராளமாகக் கொடுங்கள். சுகர் இருந்தால் மேலே போடும் சீனியைக் குறையுங்கள், கவுனியும் அரிசிதான் என்பதால் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.